வளரும் துணைவன்: றொபின் கதைகளை எங்கிருந்து படிப்பது?

சித்திரக்கதை இலக்கிய ஆய்வுக்குரிய பொருளாகுமா என்ற விவாதத்தை மீண்டும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அமெரிக்க மாவீரச் சித்திரக்கதைகளை முதன்முதலாகக் கையிலெடுக்கும் ஒருவர், கதைத்தலைவனிலும் பார்க்க அவனருகே நிற்கும் இளந்துணைவனில் ஆர்வங் கொண்டிருப்பின், எங்கே தொடங்குதல் தகும் என்பதே ஈண்டு எழும் வினா. பற்மனின் துணைவனாகிய றொபினை முன்வைத்து இதனை நோக்கலாம்.

றொபின் 1940இல், டிற்றெக்ரிவ் கொமிக்ஸ் 38ஆம் இதழில் அறிமுகமானான். அங்கிருந்தே தொடங்குக எனப் பலர் கூறுவர். வரலாற்றாசிரியனுக்கு அது பொருந்தும். புதிய வாசகனை அது சலிப்படையச் செய்துவிடும். பற்மன் உரையாடுதற்கு ஒருவன் வேண்டியிருந்தது, சிறுவரான வாசகர்க்குத் தம்மை இனங்காண ஓர் உருவம் வேண்டியிருந்தது. இவ்விரு தேவைகளுக்காகப் படைக்கப்பட்ட டிக் கிறேசன் நெடுங்காலம் அத்தேவைகளைத் தாண்டி வளரவில்லை.

மாவீரனுக்கு வயதேறுவதில்லை. அவனை விற்பனைப் பண்டமாகப் பேணும் வெளியீட்டு நிறுவனம் அவனை மூப்படைய விடாது. ஆயின் சிறுவன் ஒருவனை அவனருகே நிறுத்தியதும் சிக்கல் தோன்றிவிடுகின்றது. சிறுவன் வளர்ந்தே ஆகவேண்டும். காலமும் இழப்பும் இக்கதையுலகினுட் புகும் வாயில் துணைவனே என்பது எமது கருத்து. எமது அகத்திணை மரபிலும் பாங்கன் தலைவனைக் கழறுவதுண்டு. எனினும் அவனுக்கென ஒரு வாழ்க்கை வரலாறு தரப்படுவதில்லை. றொபினுக்கு அது தரப்பட்ட இடமே வாசகன் தொடங்கவேண்டிய இடம்.

ஆகவே மார்வ் வுல்ப்மனும் ஜோர்ஜ் பெரேசும் 1980இல் தொடங்கிய 'நியூ ரீன் ரைற்றன்ஸ்' தொடரை முதலிற் பரிந்துரைக்கலாம். பல மாவீரரின் துணைவர்கள் தலைவர்களின்றித் தாமாகவே கூடி இயங்கும் கதை அது. 1984இல் கிறேசன் றொபின் என்ற பெயரைத் துறந்து நைற்விங் ஆகின்றான். வளர்ந்த மகன் தந்தையின் வீட்டை விட்டு வெளியேறுதல் போன்ற அந்நிகழ்ச்சியைப் பெருஞ் சண்டைகளுக்கிடையே ஆசிரியர் நிதானமாகவே கையாள்கின்றார். உணர்ச்சி சில இடங்களில் மிகையாகின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்துப் படிக்கவேண்டியது ஜேசன் ரொட்டின் கதை. 1983இல் வந்தபோது இவன் கிறேசனின் வெறும் பிரதியாக, சர்க்கஸ் கலைஞரின் மகனாகவே இருந்தான். 1987இல் அவனது வரலாறு மாற்றி எழுதப்பட்டது. பற்மனின் வாகனச் சில்லுகளைக் களவாடும் தெருச்சிறுவனாக, கோபம் மிக்கவனாக அவன் மீண்டும் வந்தான். வாசகர் பலர் அவனை விரும்பவில்லை. 1988இல் ஜிம் ஸ்ரார்லின் எழுதி ஜிம் அப்பாறோ வரைந்த 'குடும்பத்தில் ஒரு மரணம்' என்னுங் கதையில், ஜோக்கர் அவனை இரும்புக் கம்பியால் அடித்து, வெடிகுண்டுடன் விட்டுச் செல்கிறான். சிறுவன் பிழைப்பதா இறப்பதா என்பதை வாசகரே தொலைபேசி மூலம் தீர்மானிக்குமாறு நிறுவனம் இரு இலக்கங்களை அச்சிட்டது. ஓர் அழைப்புக்கு 50 சதம் கட்டணம். இறக்கவேண்டும் என்றோர் 5,343. வாழவேண்டும் என்றோர் 5,271. எழுபத்திரண்டு வாக்குகளால் அவன் இறந்தான்.

இதனை வணிக உத்தி என ஒதுக்கிவிடுதல் எளிது. உத்திதான், ஐயமில்லை. ஆயினும் அது வாசகனைக் கதைக்கு வெளியே நிற்கும் சாட்சி என்ற நிலையிலிருந்து இழுத்துக் குற்றத்திற் பங்காளியாக்கியது. எரிந்த இடிபாடுகளிடையே சிறுவனின் உடலைப் பற்மன் ஏந்தி நிற்கும் பக்கத்தைப் பார்க்கும் எவரும், அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் வாசகர்களே என்பதை மறக்கமுடியாது. அவன் பிழைப்பதாக அப்பாறோ வரைந்து வைத்திருந்த மாற்றுப் பக்கமும் உண்டு. 2023இல் அது இதழ் வடிவில் வெளியாயிற்று. 2005இல் ஜட் வினிக் ஜேசனை உயிர்ப்பித்து எழுதிய கதை திறமையானதே. எனினும் அந்த எழுபத்திரண்டு வாக்குகளின் கனத்தை அது குறைத்துவிட்டது. அதே ஆண்டில் எட் புறூபேக்கர், கப்ரன் அமெரிக்காவின் துணைவன் பக்கியை மீட்டெடுத்த முறை இதனினும் மேலானது. அங்கு திரும்பி வருபவன் பிறரால் கொலைக்கருவியாக்கப்பட்டவன், மீட்சியே தண்டனையாகின்றது.

ஜேசனின் மரணத்தின் பின் 1989இல் வெளிவந்த ஐந்து பகுதிக் கதையில் ரிம் டிறேக் முக்கிய பாத்திரமாகின்றான். துயரால் நிதானமிழந்து வன்முறையில் மூழ்கும் பற்மனுக்கு றொபின் இன்றியமையாதவன் எனக் கண்டறியும் இச்சிறுவன், பதவியைத் தனக்கெனக் கேட்கவில்லை. கிறேசனைத் திரும்பி வருமாறே வேண்டுகிறான். துணைவன் எதற்காக என்ற வினாவுக்குத் துணைவன் ஒருவனே விடை கூறும் இக்கதையை, மூன்றில் ஒன்றையே படிக்க நேரமுள்ளவர் தெரிவு செய்யலாம்.

2009இல் கிறேசனே பற்மனாகித் தனக்கொரு றொபினை வைத்துக்கொள்ளும் கதைகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1940ஆம் ஆண்டு இதழுக்கும் அப்போது திரும்பலாம். பெற்றோரை இழந்த சிறுவன் மெழுகுதிரி ஒளியிற் கையுயர்த்திச் சத்தியஞ் செய்யும் ஒரு சிறு கட்டம் அதிலுண்டு. அதனை வரைந்தோர்க்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்திருக்கும். ஜேசனை அறிந்த வாசகனுக்கு அவ்வாறு இராது.