பத்து பெரிங்கி ஜாஸ்

பழைய விழாக்களைப் பற்றி வாத்தியக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தாங்கள் வாசித்ததை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்டதைப் பற்றித்தான் விடிய விடியப் பேசுவார்கள். சின்ன விழா என்றால் இன்னும் அதிகம். பினாங்குத் தீவு ஜாஸ் விழாவில் வாசித்த குழுக்களின் பேச்சும் இந்த ரகம்தான். தங்களுக்கு அடுத்து மேடையேறிய டிரம்மர் பிரஷ்ஷால் வருடிய அந்த மெல்லிய தாளம்தான் அவர்கள் வாயில் முதலில் வரும்.

பால் அகஸ்டின் முன்னின்று 2004இல் தொடங்கிய விழா அது. டிசம்பர் தொடக்கத்தில் நடந்துவந்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் ஏறி, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல் என்று வளைந்து வளைந்து போனால் பத்து பெரிங்கி வரும். அங்கே கடற்கரையோர ஓட்டல் ஒன்றின் புல்வெளிதான் அரங்கமாக இருந்தது. பெரிய அரங்குகளில் கலைஞர் பின்வாசல் வழியே வந்து பின்வாசல் வழியே போய்விடுவார். புல்வெளிக்கு ஏது பின்வாசல்? வாசித்து முடித்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிடுவார்.

திறந்தவெளி வாசிப்பு லேசுப்பட்டதல்ல. சுவர்கள் இல்லாததால் கீழ் ஸ்வரங்கள் எங்கும் மோதித் திரும்புவதில்லை. டபுள் பேஸ் வாசிப்பவருக்குத் தன் ஒலியே மெலிந்து கேட்கும். சூடு ஏறினால் சாக்ஸஃபோன் சுருதியும் ஏறும். கடற்காற்று மைக்கில் புகுந்து இரையும். இத்தனைக்கும் ஒரே மருந்து, பக்கத்தில் வாசிப்பவரைக் காது கொடுத்துக் கேட்பது. சொகுசான அரங்கில் தனித்தனியாக வாசித்துத் தப்பித்துவிடும் குழுகூட இங்கே சேர்ந்து வாசித்தாக வேண்டும்.

நம் கச்சேரிகளில் ஊறிய காதுக்கு இதில் தனி விருந்து உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, ஆவர்த்தனம், அரை, கால் என்று அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோர்வையில் ஒன்றுசேரும். ஜாஸிலும் சாக்ஸஃபோன் நான்கு பார் வாசித்தால் டிரம் நான்கு பாரில் பதில் சொல்லும். சில சமயம் அது இரண்டாகும், ஒன்றாகும். பிறகு எல்லோரும் மெட்டின் தொடக்கத்துக்கே திரும்புவார்கள். இங்கே ரசிகர் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. முன்னவர் விட்ட கடைசிச் சொற்கட்டை எடுத்துக்கொண்டு பதில் தொடங்குகிறதா, வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த சரக்கு இறங்குகிறதா? தரம் அங்கேதான் பிடிபடும். கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் வாசிப்பவரின் முகமே அதைச் சொல்லிவிடும்.

இந்தக் காது பினாங்குக்குப் பழையது. ஜாஸ் ஹார்மனியில் மலாய்ப் பாட்டுகளை அமைத்த ஜிம்மி பாயிலின் ஊர் இது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழுவும் இங்கே பிறந்ததுதான். ஹாங்காங் கிளப்புகளில் இரவிரவாக வாசித்துத் தேறிய பிறகே அவர்கள் மலாய்ப் பாட்டில் கொடிகட்டிப் பறந்தார்கள். 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கு ஜனரஞ்சக இசையைப் பற்றி ஜேம்ஸ் லாக்ஹெட்டோடு சேர்ந்து அகஸ்டின் எழுதிய நூல் 2015இல் வந்தது. ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசை இல்லம் எழுந்ததும் அவர் முயற்சியில்தான். புது வாசிப்புக்கு மேடை போட்டவரே பழைய வாசிப்பையும் தேடிச் சேர்த்தார். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பொறுமைதான்.

திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் பாட உட்காரும்போது, தனியாக மேடையை ஆளும் வித்வான்களும் கோஷ்டியில் ஒரு குரலாகிவிடுவார்கள். சின்ன விழாவின் பெருமையும் அந்தச் சமனில் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு ஏதோ ஒரு ஓட்டல் லவுஞ்சில், சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே வாசிக்கும் டிரம்மர், பழகிய இடத்தில் அடிக்காமல் ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தல் அவருடையதல்ல, பத்து பெரிங்கியில் இன்னொருவரிடம் கேட்டது. பேஸ்காரர் அதைப் புரிந்துகொண்டு இடம் விட்டால் போதும், குழுவின் வாசிப்பு அன்றிலிருந்து கொஞ்சம் மாறிவிடும்.