நாதசுர மேதையரும் அவர் கொண்ட மூலங்களும்

கலைஞன் ஒருவன் தன் முன்னோரிடமிருந்து கொள்ளுதல் இழுக்கன்று. கொள்ளாத கலைஞன் உலகில் இலன். கொண்டதை அவன் என்ன செய்தான் என்னும் வினாவே அவன் தரத்தை அளக்கும் கோலாகும். இசையுலகில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. விடையோ பெரும்பாலும் ஓரிரு சொல்லில் முடிந்துவிடுகின்றது. ஒருவரைக் ‘குருவின் அச்சு’ என்பர்; மற்றொருவரைத் ‘தனிவழி கண்டவர்’ என்பர். முன்னது இகழ்ச்சியாகவும் பின்னது புகழ்ச்சியாகவும் வழங்குகின்றன. இவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை நாதசுரக் கலைஞர் சிலரை ஒப்பிட்டு ஆராய்வது பயனுடைத்து.

மன்னார்த் தீவுக்கும் அதனை அடுத்த மாதோட்டக் கரைக்கும் இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. பாலாவிக் கரையிற் கோயில் கொண்ட திருக்கேதீச்சரப் பெருமானைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். அவர்கள் கடல் கடந்து வாராது எதிர்க்கரையில் நின்றே பாடினர் என்பது மரபு. சுந்தரர் பதிகத்துக்குரிய பண் நட்டபாடை. அப்பண்ணை இக்காலத்து ஓதுவார்கள் கம்பீரநாட்டை இராகத்திற் பாடுகின்றனர். சுவாமி வீதிவலம் எழுந்தருளும்போது நாதசுரத்தில் எழும் மல்லாரியும் அக்கம்பீரநாட்டையே. ஓதுவார் மிடற்றிற் சொல்லோடு நிற்கும் அவ்விராகம், வீதியிற் சொல்லின்றித் தவிலோடு கூடிக் காலம் மாறி மாறி நடக்கின்றது. இராகம் ஒன்றாயினும் ஒன்றை மற்றொன்றன் படி என்று எவருங் கூறார். மன்னார் நாட்டுக்கூத்திலும் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்குகள் உள. கொடுத்தலும் கொள்ளுதலும் கொண்டதை வேறாக்குதலும் இக்கரை மக்கள் அறியாதன அல்ல.

மேலும், 1914ஆம் ஆண்டு தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் போக்குவரவு, தமிழகத்துக் கலைஞர் ஈழத்துத் திருவிழாக்களுக்கு வருவதற்கு நேர்வழியாயிற்று. 1939இல் திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் தோன்றியபின், கலைஞர் வாராவிடத்தும் அவர்தம் இசை வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒலி வரும் வழி அழியவில்லை. ஆதலின் தமிழகத்து நாதசுர மேதையரின் வேறுபாடுகளை உணர்தல், ஈழத்து இசையை உணர்தற்கும் வேண்டப்படுவதொன்றாம்.

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குதல் வேண்டும். ஆச்சா மரத்திற் கடையப்பட்ட நீண்ட குழல், அதன் வாயிற் சீவாளி, அடியில் அணைசு. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே ஒலியைச் சீர்செய்யும் துளைகள் ஐந்து. திறந்த வெளிக்கென்றே பிறந்த கருவி இது. இதில் உரத்து ஒலித்தல் எளிது; மெலிந்து இழைதல் அரிது. சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகளைத் துளை தருவதில்லை; விரலைச் சிறிதே நகர்த்தியும், சீவாளியில் உதட்டின் இறுக்கத்தை மாற்றியும், மூச்சை அடக்கியும் கலைஞன் தானே அவற்றைப் பிறப்பித்தல் வேண்டும். எனவே, வாய்ப்பாட்டிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ ஒன்றைக் கொள்ளும் நாதசுரக் கலைஞன் அதனை அப்படியே வைத்திருத்தல் இயலாது. கருவியே அவனை மாற்றுமாறு வற்புறுத்தும்.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இதற்குச் சிறந்த சான்று. திருமருகலைச் சேர்ந்த மரபில் வந்த இவர், இளமையில் வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பயின்று, பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதசுரம் கற்றார். குழலுக்கு முன் தந்தி என்னும் இவ்வரிசை கருதற்பாலது. வில் நாண்மீது அறாது ஓடும் வயலினில் ஒரு சுரம் மற்றொரு சுரத்துள் வழுக்கிச் செல்லும். அவர் ஆலாபனையில் நீண்டு தொடரும் இழைகளைக் கேட்போர், தந்தியின் நினைவு குழலிற் புகுந்துள்ளதை உணர்வர்.

கொண்டதற்கு ஏற்பக் கருவியையே மாற்ற முனைந்தமை அவர்தம் தனிப் பெருமை. முன்னாளில் வழங்கிய திமிரி நாதசுரம் குட்டையானது, உச்சச் சுருதியினது, அதிற் சுத்த மத்திமம் செவ்வனே பேசுவதில்லை. நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியார் அமைத்த நீண்ட பாரி நாதசுரம் இக்குறையை நீக்கியது. அதனைக் கையாண்டு நிலைபெறச் செய்தவர் இராஜரத்தினம் பிள்ளை. அவர் பெயரோடு பிரியாது நிற்கும் தோடி இராகத்துக்குச் சுத்த மத்திமம் இன்றியமையாதது என்பதை நினைக்குமிடத்து, இராகமும் கருவியும் ஒன்றையொன்று வளர்த்தமை புலனாகும். இரவு முழுதும் ஓரிராகத்தை விரிக்கும் அவர் ஆற்றல் வெறும் நீளத்தால் வந்ததன்று. கேட்டவன் எதிர்பார்த்த இடத்தில் நில்லாது, எதிர்பாராத இடத்திற் சென்று நிற்கும் துணிவால் வந்தது.

இவருக்கு முற்றும் மாறான நெறியினர் திருவீழிமிழலைச் சகோதரர்களான சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும். இவர்கள் கொண்ட மூலம் கீர்த்தனையின் பாடாந்தரம். சாகித்தியத்தின் எழுத்து எங்கு நீளும், எங்கு குறுகும் என்பதைக் குழலே சொல்லுமாறு வாசித்தனர். இரு குழல்களும் ஒரு குழல்போல் இசைந்தன. இராஜரத்தினத்திடம் கேட்போர் வியப்பை நாடினர். இவர்களிடம் தெளிவை நாடினர். இவர்களுள் மூத்தவராகிய சுப்பிரமணிய பிள்ளை சங்கீத கலாநிதி விருது பெற்றார். இராஜரத்தினம் பிள்ளைக்கு அவ்விருது கிட்டவில்லை. ஒழுங்கைப் பாராட்டுதல் சபைகளுக்கு எளிது. வெள்ளத்தை அளத்தல் அரிது போலும்.

மூன்றாமவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). திருநெல்வேலிச் சீமையினர், இராஜரத்தினம் பிள்ளையின் மாணாக்கர். ‘குருவின் அச்சு’ என்னும் சொல்லுக்குப் பெரிதும் ஆளானவர் இவரே. இவர் நிலை ஏனையோர் நிலையினும் கடினமானது. வாய்ப்பாட்டையோ வயலினையோ மூலமாகக் கொண்டவனுக்குக் கருவியின் வேற்றுமையே காவல். அதே கருவியில், அதே இராகங்களில், அருகிருந்து கற்றவனுக்கு அக்காவல் இல்லை. அங்கே வேற்றுமை வேண்டுமாயின் அது உள்ளத்திலிருந்தே வருதல் வேண்டும்.

இவ்விடத்து மேலைநாட்டு ஒப்புமை ஒன்று பொருளை விளக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைகளாயிருந்தோர் வழிவந்த கறுப்பின மக்களிடையே தோன்றிய புளூஸ் இசையே, பின்னர் ரொக் இசையின் கிற்றார்க் கலைஞர்க்கு ஊற்றாயிற்று. பி. பி. கிங் (1925–2015) இளமையில் தம் உறவினர் புக்கா வைற்றின் வாசிப்பைக் கேட்டார். புக்கா வைற் உலோகக் குழலைத் தந்திமேல் வழுக்கி ஒலியை இழைப்பார். கிங்குக்கு அது கைவரவில்லை. ஆகவே அவ்வொலியை வெறும் விரலின் அதிர்விலே பிறப்பிக்க முயன்றார். அம்முயற்சியே அவர்தம் அடையாளமாயிற்று. கொள்ள முடியாமையே அவர்க்குத் தனிவழி காட்டிற்று.

எரிக் கிளப்டன் கொண்ட மூலம் ரொபேட் ஜோன்சன். ஜோன்சன் 1938இல் மறைந்தார். கிளப்டன் பிறந்தது 1945இல். 1936, 1937ஆம் ஆண்டுகளில் ஒலிப்பதிவான இருபத்தொன்பது பாடல்களே ஜோன்சன் விட்டுச்சென்றவை. எனவே கிளப்டனுக்குக் குரு இல்லை, இசைத்தட்டே குரு. தனியொருவர் மின்சாரமின்றி வாசித்துப் பாடியதொரு பாடலை, 1968இல் கிளப்டனின் மூவர் குழு மின்கிற்றாரும் முரசும் முழங்க அரங்கேற்றியபோது, மூலம் மறையாமலே வேறொரு பொருளாயிற்று. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (1942–1970) இன்னுமொரு படி சென்றார். புளூஸ் முன்னோரைப் பின்பற்றிய அவர், ஒலிபெருக்கியின் ஓசை மீண்டு தந்தியை அதிர்விக்கும் இரைச்சலை, பிறர் பழுதென விலக்கியதை, சுரமாக ஆண்டார். 1969இல் வூட்ஸ்ரொக் விழாவில் அவர் வாசித்த அமெரிக்க நாட்டுப்பண் அவ்வாட்சிக்குச் சான்று. கருவியின் எல்லையையே பெயர்த்த வகையில் அவர் இராஜரத்தினம் பிள்ளையோடு ஒப்புநோக்கத் தக்கவர்.

இவ்வொப்புமையை அளவுக்கு மிஞ்சி நீட்டுதல் தகாது. கோயில் வீதியும் கேளிக்கை அரங்கும் ஒன்றல்ல. இராக இலக்கணமும் புளூஸ் அமைப்பும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு வேறுபாடு இங்கு உதவுகின்றது. கிளப்டன் இறந்தார் ஒருவரின் ஒலியை மட்டும் பெற்றார். எஞ்சியதைத் தாமே ஊகித்து நிரப்பவேண்டியிருந்தது. காருகுறிச்சியாரோ உயிருள்ள குருவின் மூச்சு வாங்கும் இடத்தையும் அறிவார், ஊகித்தற்கு இடமில்லை. ஊகம் இல்லாதவிடத்து வேற்றுமை பிறத்தல் அரிது.

அவ்வரிய வேற்றுமை அவரிடம் பிறந்தது என்பதே துணிபு. குருவின் இசை காட்டாற்றின் பெருக்கு. மாணாக்கரின் இசை வாய்க்காலில் ஓடும் அதே நீர். குரு ஓரிராகத்தைத் தேடிச் செல்வார். மாணாக்கர் தேடிக் கண்டதை ஒழுங்குறக் கொண்டுவந்து தருவார். இவர் வாசிப்பில் இனிமையும் அளவும் மேம்பட்டு நின்றன. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில், எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி இராகத்தில் இவர் நாதசுரம் இணைந்து ஒலித்தது. குரல் செல்லும் நுண்ணிடங்களுக்கெல்லாம் உரத்த குழலும் செல்லக்கூடும் என்பதைச் சபையறியாத பொதுமக்களும் அப்பாடலால் உணர்ந்தனர். வெள்ளத்தை வாய்க்காலாக்குதல் அச்செடுத்தலன்று. வயல் விளைய வாய்க்காலே வேண்டும். ஆழத்தில் குரு மேம்பட்டவர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் குறைந்த ஆழம் என்பது வேறு, வெறும் படி என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் திறனாய்வின் பிழை.

இப்பிழை ஈழத்துக் கலைஞரை மதிப்பிடுமிடத்துப் பெருந்தீங்கு விளைத்துள்ளது. தஞ்சாவூர் மூலம், யாழ்ப்பாணம் எதிரொலி என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. இணுவிலில் 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சிணாமூர்த்தி, தந்தையார் விசுவலிங்கத்தின் வழிவந்தவர். தமிழகத்து மரபையும் நன்கு உணர்ந்தவர். எதிரொலிக்கு மூலம் செவிசாய்ப்பதில்லை. தமிழகத்து முன்னணி நாதசுர வித்துவான்களோ தம் பக்கத்தில் அவர் தவில் வேண்டும் என விரும்பி அழைத்தனர். கணக்கின் கடுமையும் நாதத்தின் மென்மையும் ஒருங்கே அமைந்தமையே அதற்குக் காரணம். அவரைப் பற்றிய ஆவணப்படம் தமிழகத்தைச் சேர்ந்த அம்ஷன் குமாரால் 2015இல் உருவானது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரமும் இவ்வாறே தமிழக மரபை உள்வாங்கி ஈழத்துக் கோயில் வீதிகளிற் செழித்தது.

இன்னுமொன்று கூறற்பாலது. புளூஸ் இசையை விரும்பிய சமுதாயம் அதனைப் படைத்தோரை விரும்பியதில்லை. நாதசுரத்தை மங்கல இசையெனப் போற்றிய சமுதாயமும், அதனை வாசித்தோரை நெடுங்காலம் வாயிலில் நிறுத்தியே வைத்தது. தலைமயிரைக் கத்தரித்துச் சட்டையணிந்து மேடையில் அமர்ந்து வாசித்த இராஜரத்தினம் பிள்ளையின் செயலைச் செருக்கென்றவர் உளர். அது தம் குலத்தார்க்கும் தம் கலைக்கும் அவர் கேட்ட மதிப்பு. கலைஞனை ‘இன்னாரின் அச்சு’ என ஒரு சொல்லில் அடக்குதலும் அம்மதிப்பை மறுக்கும் வழிகளுள் ஒன்றே. உழைப்பைக் காணாது பிறப்பையும் குருவையும் மட்டும் காண்பது அது.

ஆகவே, கலைஞன் ஒருவனை எடைபோடுவோர் அவன் யாரிடமிருந்து கொண்டான் என்பதோடு நில்லாது, கொண்டது அவன் மூச்சில் என்னவாயிற்று என்பதையும் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். இராஜரத்தினத்திடம் அது தேடலாயிற்று, திருவீழிமிழலையாரிடம் தெளிவாயிற்று, காருகுறிச்சியாரிடம் இனிமையாயிற்று, தெட்சிணாமூர்த்தியிடம் கடல் கடந்து மூலத்தையே வியக்கவைத்த ஆற்றலாயிற்று. ஈழத்தில் இன்று நாதசுரமும் தவிலும் பயிலும் இளைஞர், முன்னோர் இசைத்தட்டுகளைக் கேட்டலிற் குறைவைத்தல் வேண்டா. கேட்டதை அப்படியே ஒப்புவித்தலில் மனநிறைவு கொள்ளுதலும் வேண்டா.