அட்டையைத் திருப்புங்கள்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஓர் அட்டை 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர், பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் ஹீரோ. நடுவகிடு, காலர் வைத்த சட்டை, பின்னால் பளீர் ஆரஞ்சு. லித்தோகிராஃபில் அச்சிட்ட அந்த முகத்தில் போட்டோவில் வராத ஒரு கம்பீரம் இருக்கிறது. சின்னச் சதுரத்துக்குள் நல்ல ஓவியம், சந்தேகமில்லை.

இப்போது திருப்பிப் பாருங்கள். சிகரெட் விளம்பரம்!

1880-களில் அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட் மெல்லிசுக் காகிதம். கசங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தார்கள். சும்மா வைப்பானேன் என்று நடிகைகள், பறவைகள், பேஸ்பால்காரர்கள் என்று படம் போட்டார்கள். அப்பா ஊத, பையன் சேர்த்தான். சூட்சுமம் படத்தில் இல்லை, வரிசையில். ஒன்பது கிடைத்தவனுக்குப் பத்தாவது இல்லாமல் தூக்கம் வராது.

1890-ல் ஜேம்ஸ் ட்யூக் ஐந்து பெரிய கம்பெனிகளை இணைத்து 'அமெரிக்கன் டொபாக்கோ' ஆக்கினார். போட்டி போச்சு, படங்களும் மெல்ல மறைந்தன. கலைமேல் அவர்களுக்கிருந்த காதல் அவ்வளவுதான்.

1909-ல் அதே கம்பெனி மறுபடி படம் போட ஆரம்பித்தது. 1911 வரை 500-க்கு மேல் அட்டைகள். கறுப்பின வீரர் ஒருவர்கூடக் கிடையாது. மேஜர் லீகே அவர்களை அப்போது சேர்க்கவில்லை. வாக்னர் 'என் படம் வேண்டாம்' என்றார். அச்சு நின்றது. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 60.

குழந்தைகள் சிகரெட் வாங்கிவிடக் கூடாதே என்று மறுத்தார் என்பது பிரபலமான கதை. காசு தரவில்லை, அதனால்தான் என்பாரும் உண்டு. மனிதர் புகையிலை மெல்லுகிறவர் என்பதால் முதல் கதையைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். எதுவாயினும், 'என் முகம் யாருக்குச் சொந்தம்?' என்று 1909-லேயே கேட்டிருக்கிறார். அந்த 72.5 லட்சம் ஓவியத்துக்கான விலை அல்ல. ஒரு மறுப்புக்கான விலை.

ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் கொடுத்த சுமார் 30,000 பேஸ்பால் அட்டைகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. வெகுஜனக் கலை என்கிறார்கள். தாராளமாக ஒப்புக்கொள்ளலாம், பின்பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்.

எந்த இலவச இணைப்பையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். உங்களை என்ன வாங்க வைக்கிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.