காந்தத்தை அசைத்தால் போதுமா?

ஒரு சட்டக் காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு கல்வனோமானி. மின்காந்தத் தூண்டல் பாடமென்றால் கொட்டகலையானாலும் கொழும்பானாலும் மேசைக்கு வருவது இவைதான். காந்தத்தை உள்ளே தள்ளினால் முள் ஒரு பக்கம் விலகும், இழுத்தால் மறுபக்கம். பிடித்தபடி நின்றால் பூச்சியம்.

இந்தச் செய்முறையைக் குறைத்துப் பேச முடியாது. செலவில்லை, ஆபத்தில்லை. விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீராத மலையகப் பாடசாலைகளில், வசதியான ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துகாட்டிவிடலாம். ஊரோடும் சட்டென்று ஒட்டும். பக்கத்துத் தலவாக்கலையில் மறிக்கப்படும் கொத்மலை ஓயாவின் நீர், 2012 முதல் மேல் கொத்மலை நிலையத்தில் 150 மெகாவாட் வரை மின்சாரம் தருவது இதே விதியால்தான். அந்த நீர் மறிக்கப்பட்டபின் சென் கிளேயர் அருவி ஏன் மெலிந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு விடையின் ஒரு பாதி இந்தச் சுருளுக்குள் இருக்கிறது.

குறை அதற்கப்பால்தான் தொடங்குகிறது. ஏதாவது ஒன்று அசைந்தால்தான் மின் தூண்டப்படும் என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. பரடே 1831 ஓகஸ்ட் 29இல் கண்டதோ வேறு. ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்கள். ஒன்றில் மின்கலத்தைத் தொடுத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டும் மற்றச் சுருளின் பக்கமிருந்த ஊசி துள்ளியது. அங்கே எந்தக் காந்தமும் நகரவில்லை. சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்திப் பார்த்தது ஒக்டோபரில். நம் வகுப்பறை இரண்டாவதைக் காட்டிவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறது.

அதற்கான விலையைத் தன்தூண்டலில் கொடுக்கிறோம். வேறு சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. தன் ஓட்டம் மாறும்போது தானே மின்னியக்க விசையைப் பிறப்பிக்கும் சுருளை எதைக் கொண்டு கற்பனை செய்வது? எஞ்சுவது சூத்திரமும் அதிலுள்ள ஒரு கழித்தல் குறியும். “ஓட்டத்தை எதிர்க்கும்” என்று அதைப் பாடமாக்கிவிடுவார்கள். எதிர்க்கப்படுவது ஓட்டமல்ல, ஓட்டத்தின் மாற்றம். ஓட்டம் குறையும்போது சுருள் அதைத் தாங்கிப்பிடிக்கவே பார்க்கும். தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டரை நிறுத்தும்போது ஆளிக்குள் பொறி பறப்பதற்கும் அதில் பங்குண்டு. கடந்தகால வினாத்தாள்களை எத்தனை முறை செய்தாலும் இந்த வேறுபாடு தானாகப் புரிந்துவிடாது.

இதைக் காட்டவும் பெரிய செலவு தேவையில்லை. எல்ஈடி வந்தபின் ஒதுக்கப்பட்ட பழைய டியூப் லைட் சோக் ஒன்று, நான்கு உலர்கலங்கள், ஓர் ஆளி, டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியோன் விளக்கு. சோக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே விளக்கைத் தொடுத்து ஆளியை மூடினால் விளக்கு எரியாது. 6 வோல்ட் அதற்குப் போதாது. ஆளியைத் திறந்தால் ‘பளிச்’சென்று ஒருமுறை மின்னும். 1 ஹென்றி அளவுள்ள சோக்கில் 0.1 அம்பியர் ஓட்டம் ஆயிரத்திலொரு செக்கனில் அற்றுப்போனால் 100 வோல்ட் பிறக்கும். கணக்குச் செய்யும் பிள்ளைக்கு அந்தக் கழித்தல் குறியின் அர்த்தம் அப்போது பிடிபடும். (முனைகளில் கை படக்கூடாது, சுள்ளென்று இழுக்கும்.)

சட்டக் காந்தத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து தோட்டப் பாடசாலைகளுக்குப் போகும் விஞ்ஞான ஆசிரியர்கள், பையில் அந்தக் காந்தத்தோடு ஒரு பழைய சோக்கையும் எடுத்துப்போகட்டும்.