சாலையில் ஒரு குடும்பம்: ஸ்டைன்பெக்கும் கி. ராஜநாராயணனும்

தமிழில் பயண இலக்கியத்துக்குப் பஞ்சம் இல்லை. ஏ. கே. செட்டியார் உலகைச் சுற்றிவந்து எழுதினார். தி. ஜானகிராமனும் சிட்டியும் ஆற்றங்கரையோடு சென்று ‘நடந்தாய் வாழி காவேரி’ என்னும் அரிய நூலைத் தந்தனர். சோமலெயும் மணியனும் எழுதிய பயண நூல்களை விரும்பிப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் இவர்கள் யாவரும் திரும்பி வருவதற்காகப் புறப்பட்டவர்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்திக்கொண்டு சென்றவர்கள். பூட்டுவதற்கு வீடே இல்லாமல், பாயையும் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு, கிழவர் முதல் சிறுவர் வரை குடும்பம் முழுவதும் சாலையில் இறங்கினால் அந்தப் பயணத்தை நம் இலக்கியம் எவ்வாறு கண்டிருக்கிறது? இக்கேள்வியை எழுப்புவதற்கு ஓர் அமெரிக்க நாவலைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ 1939-இல் வெளிவந்தது. ஓக்லஹோமாவில் புழுதிப் புயலாலும் கடனாலும் டிராக்டராலும் நிலத்தை இழந்த ஜோட் குடும்பம், பழைய ஹட்சன் கார் ஒன்றை வெட்டி லாரியாக்கி, கலிபோர்னியாவை நோக்கிப் புறப்படுகிறது. முன்னாள் பாதிரி ஒருவரையும் சேர்த்து வண்டியில் பதின்மூன்று உயிர்கள். அவர்கள் செல்லும் 66-ஆம் எண் நெடுஞ்சாலை 1926-இல் வகுக்கப்பட்டது. சிகாகோவையும் கலிபோர்னியக் கடற்கரையையும் இணைத்துச் சுமார் 2,400 மைல் நீண்டது. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 41,000 மைல் அளவுக்குத் திட்டமிடப்பட்ட புதிய பெருவழிகள் அதனை விழுங்கிவிட, 1985-இல் அந்த எண்ணே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்று அச்சாலையின் எஞ்சிய துண்டுகளில் குடும்பங்கள் உல்லாசமாகக் காரோட்டிச் செல்கின்றன. ஜோட் குடும்பத்தார் சென்றதும் குடும்பப் பயணமே!

இந்நாவலில் சாலை வெறும் பின்னணி அன்று. அது குடும்பத்தைத் தின்னும் ஒரு பாத்திரம். முதலில் நாய் காரில் அடிபட்டு மாய்கிறது. முதல் இரவிலேயே தாத்தா இறக்கிறார். பிடுங்கிய செடியைப் போல, மண் விட்டதும் வாடிவிடுகிறார். கொலராடோ ஆற்றங்கரையில் மூத்த மகன் பிரிந்து போகிறான். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டி உயிர் துறக்கிறாள். தாய் அச்செய்தியை யாரிடமும் சொல்லாமல், விடியும்வரை பிணத்தின் அருகே படுத்தபடி வருகிறாள். சொன்னால் வண்டி நின்றுவிடும், குடும்பம் கரை சேராது. இதற்கு இணையான ஓர் இரவை நான் வேறு நாவலில் படித்ததில்லை. வழித்துணையாக வந்தவர்களின் கார் பழுதானபோது, ஒரு பகுதியினர் முன்னே செல்லட்டும் என்று மகன் யோசனை கூற, அத்தாய் ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறாள். சேர்ந்திருத்தல் ஒன்றே அவள் அறிந்த அரசியல்.

குறையும் உண்டு. கதைக்கு இடையிடையே வரும் பொது அத்தியாயங்களிற் சில மேடைப் பேச்சாகி விடுகின்றன. ஆனால் அவ்வத்தியாயங்களின் செய்தியைக் கதைக்குள்ளேயே சொல்ல அவரால் முடியும் என்பதற்கு ஒரு சான்று: எண்ணூறு கூலியாட்கள் தேவைப்படும் இடத்தில் ஐயாயிரம் துண்டுத்தாள்கள் அச்சிடப்படுவது ஏன் என்பதை, கலிபோர்னியாவிலிருந்து தோற்றுத் திரும்பும் ஒருவன் வழியில் விளக்குகிறான். அந்த ஒரு பக்கம் பொருளாதார நூல் ஒன்றுக்குச் சமம்.

தமிழில் இதன் அருகே வைக்கத்தக்கது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). சென்னாதேவி என்னும் பேரழகியைக் காக்க இரவோடு இரவாக ஓடிவந்த கம்மவார் குடும்பங்களின் கதையை, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறாள். துரத்துவோர் நெருங்க, ஆறு குறுக்கிட, கரையில் நின்ற மரமே வளைந்து வழிவிடுகிறது. ஸ்டைன்பெக்கின் ஆற்றில் மரம் வளைவதில்லை, மகன்தான் போய்விடுகிறான். இவ்வேறுபாட்டை நம் நாவலின் குறையாகச் சொல்வோர் உளர். நான் உடன்படேன். ஸ்டைன்பெக் எழுதியது நேற்றைய பயணம், கி. ரா. எழுதியது தலைமுறைகளுக்குப் பின் நினைவில் எஞ்சிய பயணம். துயரைப் பேரக்குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லும்போது மரம் வளையத்தான் செய்யும்.

வேறோர் இடத்தில்தான் எனக்கு மனக்குறை. வந்தவர்கள் காட்டை எரித்துக் கரிசலை விளைநிலமாக்கும் பகுதியைக் கி. ரா. வியப்போடு எழுதுகிறார். அக்காடு அதற்கு முன் யாருக்கு வாழ்வு தந்தது என்ற கேள்வி அங்கே அழுத்தம் பெறவில்லை. ஸ்டைன்பெக்கின் குடியானவர்களோ, தம் பாட்டன்மார் செவ்விந்தியரைக் கொன்று அந்நிலத்தைப் பெற்றதை மறைப்பதில்லை. பெருமையாகவே சொல்கிறார்கள், ஆசிரியர் அப்பெருமையை அப்படியே நம் முன் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். இந்த அறத்துணிவு நம் நாவலுக்கு வேண்டியிருந்தது.

இக்கேள்விகள் திருவனந்தபுரத்துத் தமிழராகிய நமக்குத் தொலைவானவை அல்ல. நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர் சென்றால் போனக்காடு. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம். அதற்கு ஆள் வேண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. ஆலை ஓய்ந்துவிட்டது, அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அங்கே செல்வோர் அகத்தியர்கூடம் ஏறச் செல்கிறார்கள், அல்லது பேய் உலவுவதாகச் சொல்லப்படும் பாழடைந்த பங்களாவைக் காணச் செல்கிறார்கள். துரை வீட்டுப் பேய்க்குக் கிடைத்த புகழ் லயத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை.

வால்பாறை மலைக்கு ஓர் ‘எரியும் பனிக்காடு’ உண்டு. மருத்துவர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்தார். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பிப் புறப்படுவதும், ஜோட் குடும்பம் துண்டுத்தாளை நம்பிப் புறப்படுவதும் ஒன்றே. இலங்கைத் தோட்டத் துயருக்குப் புதுமைப்பித்தன் 1935-இலேயே ‘துன்பக்கேணி’ எழுதினார். அகத்தியமலைச் சாரலுக்கு அத்தகைய நூல் ஒன்றை நான் கண்டதில்லை. எழுதுவோர் கி. ரா.வைப்போல் லயத்து மூதாட்டிகளின் வாயிலிருந்து கேட்க வேண்டும். ஸ்டைன்பெக்கைப்போல் கூலிக் கணக்கையும் முன்பணத்தையும் பெயர்த்தெழுத வேண்டும். அத்துடன், தேயிலைக்காகக் காடு வெட்டப்பட்ட அம்மலைகளில் முன்பே வாழ்ந்த காணிக்காரரையும் அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே நிறுத்த வேண்டும்.