குதிரை நிற்கும் இடம்

துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பலகையின் உட்புறத்தில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. தீப்பெட்டி அளவு. செய்த இடத்தின் பெயர் அச்சிட்ட சீட்டு அங்கே ஒட்டியிருந்திருக்கிறது. சீட்டு போய்விட்டது, அது மூடியிருந்த மரம் இன்னும் புதுசாகவே இருக்கிறது. தருமபுரியில் பழைய சாமான் கடை ஒன்றில், கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டங்களுக்கு நடுவிலிருந்து இந்த மாண்டலினை எடுத்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அந்த வெளுத்த இடம்தான். எட்டுத் தந்திகளில் மூன்று மிச்சமிருந்தன. கடைக்காரர், "கிடார் குட்டிங்க" என்று சொல்லித் தூசி தட்டிக் கொடுத்தார்.

சீட்டு இல்லாத வாத்தியத்தைக் கண்ணாலும் விரலாலும் மூக்காலும் படித்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகளிலிருந்து தொடங்கினேன். மாண்டலின் செய்பவர்கள் பெரும்பாலும் 5, 7, 10, 12 ஆகிய மெட்டுகளில் (ஃப்ரெட்களில்) புள்ளி வைப்பார்கள். கிடார் செய்து பழகிய கை 10-க்குப் பதில் 9-க்குப் போகும். இதில் 9-இல் இருக்கிறது. ஆகவே கிடார்க் கை. தந்தியை முறுக்கும் கீகளின் தகட்டில் உள்ள திருகுகள் எல்லாம் தலையில் ஒற்றைக் கோடு போட்ட பழைய வகை. கண்ணுக்குப் படாத ஓரத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வைத்ததும் பூச்சு இளகி விரலில் ஒட்டியது: அரக்குப் பாலிஷ், கையால் துணி வைத்துத் தேய்த்து ஏற்றியது. பக்கப்பலகை வாய்விட்டிருந்த மூட்டில் கண்ணாடிச் சில்லு போலக் காய்ந்து நின்ற பழுப்புத் துணுக்குகள், வஜ்ஜிரப் பசை. வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக்கொடுக்கும். பிரிந்ததை ஒட்டலாம், ஒட்டியதை வேறொரு நாள் மரம் கிழியாமல் பிரிக்கலாம். பின்னால் பழுதுபார்க்க வரப்போகிறவனுக்கும் வழி விட்டுச் செய்த வேலை இது. பெயர் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த மூட்டைப் பார்த்தபோதுதான்.

பிறகு அளந்தேன். தலைப்பக்கம் தந்திகள் தாண்டி வரும் நட்டிலிருந்து 12-ஆம் மெட்டு வரை 17.5 சென்டிமீட்டர். 12-ஆம் மெட்டு எப்போதும் சரிபாதி என்பதால் தந்தியின் பாடும் நீளம் 35. மெட்டுகளுக்கான கணக்கு எளிமையானது: மிச்சமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுத்து அடுத்த மெட்டை வைப்பது. பழங்காலத்தில் அதை 18 என்றே வைத்துக்கொண்டார்கள். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581-இல் வெளியிட்ட நூலில் லூட் என்ற வாத்தியத்துக்கு அந்த 18-ஐத்தான் சொல்கிறார். பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் 35 சென்டிமீட்டர் தந்தியில் 12-ஆம் மெட்டுக்கு வருவதற்குள் அது ஒன்றேகால் மில்லிமீட்டர் பிசகாகி விடும். என் மாண்டலினில் எல்லா மெட்டுகளும் அரை மில்லிமீட்டருக்குள் இடத்தில் நிற்கின்றன. கணக்குத் தெரிந்த கை.

மெட்டுகள் சரி என்றால் மிச்சம் இருப்பது குதிரை. தந்திகளைத் தூக்கி நிறுத்தும் பிரிட்ஜை வீணைக்காரர்கள் குதிரை என்பார்கள். அந்தச் சொல்லையே நானும் வைத்துக்கொள்கிறேன். வீணையில் 24 மெட்டுகளும் கருமெழுகின் மேல் நிற்கின்றன. மெழுகை இளக்கி, தந்தியை மீட்டி, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்துவார்கள். மேளம் கட்டுதல் என்று அந்த வேலைக்குப் பெயர். அங்கே குதிரை அசையாது, மெட்டு அசையும். மாண்டலினில் தலைகீழ். மெட்டுகள் மரத்தில் அறுத்த பள்ளத்துக்குள் அடித்து இறக்கியவை, அவை நகரா. குதிரைக்கோ ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. தந்திகளின் அழுத்தம் ஒன்றே அதைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கிறது. வீணை ஆசாரி 24 இடங்களில் பார்க்கும் வேலையை இங்கே ஒரே இடத்தில் பார்த்து முடிக்க வேண்டும்.

அந்த இடம் 35 சென்டிமீட்டரில் இல்லை என்பதுதான் நயம். விரல் அழுத்தும்போது தந்தி மெட்டை நோக்கி வளைந்து சற்றே இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறுகிறது. அந்த ஏற்றத்தை ஈடுகட்டக் குதிரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். எவ்வளவு பின்னால் என்பதைத் தந்தியே சொல்லும். 12-ஆம் மெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல், பூவைத் தொடுவது போலத் தொட்டு மீட்டிவிட்டு விரலை எடுத்தால் மேல் ஸ்தாயி மணி போலக் கிளம்பும். உடனே அதே மெட்டை அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் குதிரை வீடு சேர்ந்தது. அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் குதிரையை வால்பக்கம் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் கழுத்துப்பக்கம். என் மாண்டலினின் மேற்பலகையில் பழைய குதிரை நின்ற தழும்பு இருக்கிறது. அளந்தேன்: மிகச் சரியாக 35. முன்பு வைத்திருந்த யாரோ ஸ்கேலை நம்பி நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தக் குதிரை கறுப்புப் பெயின்ட் பூசிய மெதுமரம். தந்திகள் அதற்குள் புதைந்து போயிருந்தன. பென்னாகரம் ரோட்டில் கதவு ஜன்னல் செய்யும் ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். "ஈட்டித் துண்டு கெடைக்குங்களாண்ணா?" என்றதற்கு, அவர் குதிரையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "ஈட்டி எதுக்குங்க? புளியஞ்சேகு தர்றேன். கறிக்கடைக் கட்டை அதுலதானே போடறாங்க, எத்தனை வெட்டு தாங்குது" என்றார். சாலையோரமெல்லாம் புளியமரம் நிற்கிற எங்கள் ஜில்லாவில் அது எனக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம். புளியின் வெளிமரம் வெளுத்து, பூச்சிக்கு இரையாகும்; உள்ளே இருக்கும் சேகு கொஞ்சம்தான், ஆனால் கருஞ்சிவப்பாக, வைரம் பாய்ந்து, உளியைத் திருப்பி அனுப்பும்.

அவர் வேலை செய்ததை ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேற்பலகை லேசாக முதுகு வளைந்தது. குதிரையின் அடி அந்த வளைவுக்கு இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பலகை மேல் விரித்து, அதன் மேல் குதிரையை வைத்து முன்னும் பின்னும் இழுத்தார். பலகையின் வளைவே குதிரையின் அடியைச் செதுக்கிக்கொண்டது. அவ்வப்போது நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடிக்கச் சொன்னார். முதலில் குதிரைக்கு அடியில் நூல் போல ஒரு வெளிச்சக் கோடு. அப்புறம் இரண்டு முனைகளிலும் மட்டும். அப்புறம் ஒரு முனையில் கடுகு அளவு. அப்புறம் இருட்டு. "உக்காந்துடுச்சு" என்றார். எட்டுத் தந்திகளும் ஜோடி ஜோடியாக நிற்பவை என்பதால், உச்சியில் படிக்கட்டு போல நான்கு இடம் வெட்டச் சொன்னேன்: ஈ தந்திக்கு முன்னால், ஏ தந்திக்குப் பின்னால், டி தந்திக்கு மறுபடி முன்னால், ஜி தந்திக்குப் பின்னால். கம்பி சுற்றாத தந்திகளில் தடித்தது ஏ, சுற்றியவற்றில் தடித்தது ஜி. அவை இரண்டுக்கும்தான் கூடுதல் ஈடு வேண்டும். காரணத்தைச் சொன்னதும் அவர் வெட்டின் ஓரங்களைத் தானாகவே உருட்டிவிட்டார், தந்தி அறுபடாதிருக்க. கடைசியாக இரண்டு கால்களுக்கு நடுவே குடைந்து எடை குறைத்தார். கனத்த குதிரை நாதத்தை விழுங்கிவிடும்.

நட், மெட்டு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு எலும்பில் ஒன்று வைத்தேன். 3-ஆம் மெட்டை அழுத்தினால் முதல் மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி, 12-ஆம் மெட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்: அதற்கு மேல் போனால் விரல் நோகும், கீழே போனால் தந்தி மெட்டில் உரசிக் கரகரக்கும். பள்ளங்களில் பென்சில் கரி, கீகளில் தையல் மெஷின் எண்ணெய். குதிரைக்குப் பின்னால் வால்தகடு வரை உள்ள தந்தித் துண்டுகள் கேட்காமலே கூடப் பாடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு தோல் வாரைப் பின்னிவிட்டதும் பின்னணி இரைச்சல் நின்றது.

மாண்டலின் தந்தி தேடி அலையாமல் கிடார்த் தந்திச் செட்டையே பிரித்துக்கொண்டேன். 10, 14, 23, 30, 39, 47 என்று வரும் மெல்லிய கிடார் செட் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் தந்திகளை எடுத்தால் மாண்டலினுக்கு வேண்டிய நான்கு ஜோடியும் கிடைத்துவிடும். அந்த எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. முனையில் இருக்கும் பித்தளை உருளையை இடுக்கியால் நசுக்கி எடுத்தால் மாண்டலின் கொக்கியில் மாட்டும் வளையம் வந்துவிடும். மெல்லிய செட் வாங்கியதற்குக் காரணம் உண்டு. சுருதி ஏற்றி முடித்ததும் எட்டுத் தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 70 கிலோ. ஒரு ஆள் எடையை இரண்டு கையகலப் பெட்டி தாங்க வேண்டும், அதுவும் வயது தெரியாத பெட்டி.

முதல் நாள் எழுந்த ஒலியை ஒலி என்றுதான் சொல்ல வேண்டும். தந்தி புதுசு, இழுபட்டுக்கொண்டே இருக்கும், பலகை பல வருஷ மௌனத்திலிருந்து இன்னும் அசையவில்லை. எனக்கு அது இனித்தது. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இதே தருமபுரி மண்ணை ஆண்ட அதியமானைப் பார்த்து ஔவையார், குழந்தையின் மழலை யாழோடு பொருந்தாது, காலத்தோடும் சேராது, பொருளும் விளங்காது, ஆனாலும் தகப்பனுக்கு அது அருமை என்று பாடியது புறநானூற்றில் 92-ஆம் பாட்டு. தன் சொல்லுக்கு அவர் அந்த உவமையைச் சொன்னார். மழலைக்கு அளவுகோலாக யாழைக் கொண்டுவந்து வைத்த அந்தக் காது, தந்தி சேர்வதும் சேராததும் அறிந்த காது.

மாண்டலினை மேம்படுத்துவது என்றால் தமிழ் ரசிகர்களுக்கு முதலில் நினைவு வருவது ஸ்ரீனிவாஸ்தான். 1969-இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்தவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் வாசிப்பான். பாட்டிலிருந்து வந்த வாசிப்புக்குப் பழைய மாண்டலின் போதவில்லை. இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கப் போனால் இரண்டும் ஒரே அளவு இழுபடாது, ஜோடி கலைந்துவிடும். நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால்தான் மேற்கத்திய மாண்டலினில் பிக்கை நடுங்க நடுங்க ஓட்டுகிறார்கள். ஸ்ரீனிவாஸ் ஜோடிகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின் இணைப்பும் கொண்ட மாண்டலினுக்குப் போனார். நீண்டு நின்ற நாதத்தில் கர்நாடக ராகம் வழுக்கி ஓடியது. 2014-இல் 45 வயதில் அவர் போனபோது அந்த வாத்தியம் நம்முடையதாகவே ஆகியிருந்தது.

அவர் செய்தது அவருடைய இசைக்குச் சரி. என் மாண்டலினில் எட்டுத் தந்திகளையும் அப்படியே விட்டேன். அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாட்டுகளில் இடையிசையாக வந்துபோகும் அந்த மினுமினுப்பு ஜோடியில்தான் இருக்கிறது. இரண்டு தந்திகள் ஒன்றாக முயல்வதுதான் அந்த மினுமினுப்பு.

ஜோடி சேர்ப்பதைக் கேட்பது தனி ருசி. ஈ தந்தி விநாடிக்கு 659 முறை அதிர்கிறது. பக்கத்துத் தந்தி 661 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி விநாடிக்கு இரண்டு முறை வீங்கி வடியும்: வா… வா… வா… கீயை ஒரு பொட்டு திருப்பினால் அலை சோம்பும். இன்னும் ஒரு பொட்டு, இன்னும் சோம்பும். இந்த இடத்தில் கை அவசரப்பட்டால் ஒன்றைத் தாண்டி மறுபக்கம் போய்விடும், அலை மறுபடி வேகம் பிடிக்கும்.

அன்று குதிரை வேலை முடிந்து ஆசாரிப் பட்டறையிலேயே சுருதி சேர்த்தேன். ரம்பம் நின்றிருந்தது. ஜி, டி, ஏ மூன்று ஜோடிகளும் முடிந்து கடைசி ஜோடி. அலை விநாடிக்கு ஒன்றாயிற்று. பிறகு இரண்டு விநாடிக்கு ஒன்று. அவர் மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தார். கீயைத் திருப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, திருப்ப நினைத்தேன். மீட்டினேன். அலை எழுந்தது. அடுத்த அலைக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். அது வருவதற்குள் நாதம் அடங்கிவிட்டது.

"இன்னொருக்கா" என்றார்.