சந்தேகப்படுகிறவளுக்கு என்ன பதில்?

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அவருடைய வத்திராயிருப்புப் புதுப்பட்டி, சோழபுரம் பக்கத்து எங்களுக்கு அயலூர் இல்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து பிறகு வெளியேறியவரின் தன்வரலாற்றுப் பிரதி இது. விசுவாசம் இழந்தவரின் புலம்பல் என்று இதை ஒதுக்குகிறவர்கள் பிரதியை வாசிக்கவே இல்லை.

கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. உண்டென்றால் அவர் சேரிப்பக்கம் நிக்கிறாரா, மடத்துச் சொகுசுப்பக்கம் நிக்கிறாரா என்பதுதான். முதல் கேள்விக்கு இறையியல் நூலகங்களில் பதில் நிறைய இருக்கிறது. இரண்டாவதுக்கு நடத்தையில்தான் பதில் சொல்ல முடியும். ‘செபம் பண்ணு, சரியாப் போயிரும்’ என்பது பதிலல்ல, வாயடைப்பு.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள்; தலித் கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. அந்த உரிமைக்காகத் திருச்சபைகள் டில்லியில் வாதாடுவது நியாயம். ஆனால் அந்த மனுவே ‘எங்களிடம் சாதி இருக்கிறது’ என்ற வாக்குமூலம் அல்லவா? அரசிடம் ஒப்புக்கொள்வதை, கோயிலுக்குள் கேள்வி கேட்கிற பெண்ணிடம் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் தோமையார். இயேசு அவரை விரட்டவில்லை. கையை நீட்டச் சொன்னார். பாமா தன் காயத்தையே காட்டுகிறார். தொடத்தான் சபைக்குக் கை வரவில்லை.